இல்லாத டிவிக்கு ஓர் உறை

ஆவடியில் உட்கார்ந்துகொண்டு உல்லன் நூலில் போர்வை பின்னுகிறவளுக்கு மண்டை கழன்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். வருஷத்தில் பதினைந்து நாள் மார்கழிப் பனி, மிச்ச நாளெல்லாம் வேர்வை. இந்த ஊரில் உல்லனைத் தொட்டாலே உள்ளங்கை கசகசக்கும். ஆனாலும் 1986ஆம் வருஷம் ஆனி மாதத்தில் நான் பின்ன ஆரம்பித்தேன். அதுவும் திருட்டுத்தனமாக.

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். என் வீட்டுக்காரர் வேம்புலிக்கு ராணுவ பேக்டரியில் வெல்டர் வேலை. பேக்டரி குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்கென்று ஒரு துண்டுத் துணிகூட வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது. பிறந்த பிறகும் முதலில் சுற்றுவது பழந்துணியில்தான். யாராவது நல்லபடியாக உடுத்தி, துவைத்து, நைந்த துணியாக இருக்க வேண்டும். குவார்ட்டர்ஸில் மதுரைக்காரர் உண்டு, நெல்லைக்காரர் உண்டு, சேலத்துக்காரர் உண்டு. சாம்பாரில் வெல்லம் போடுவதா வேண்டாமா என்பதில் ஆரம்பித்து எதிலும் ஒத்துப்போகாது. இதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் அந்த வழக்கத்தை மீறினேன். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது நாலு குட்டிச் சட்டை தைத்துப் பெட்டியில் வைத்தேன். எட்டாம் மாதமே பிள்ளை பிறந்துவிட்டது. ஒரு நாள்கூட இருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் என் மாமியார் கெங்கம்மாள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

“தொணி தச்சி வெச்சிகினா. கண்ணு பட்டுச்சி.”

குழாயடியில் குடம் நகர்ந்தாலே கத்துகிற நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றே செரித்திருக்கும். இரண்டு வருஷமாக அது தொண்டையிலேயே நின்றது.

அப்படிப்பட்டவள் மறுபடி ஏன் பின்ன ஆரம்பித்தாய் என்று கேட்டால், சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். மாதம் ஏற ஏற பயமும் ஏறியது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த நாலு சட்டைதான் கண்ணுக்குள் வந்தது. பூந்தமல்லியில் படித்தபோது கைத்தொழில் வகுப்பில் குரோஷா கற்றிருந்தேன். ஊசியின் நுனியில் ஒரு கொக்கி. அதில் நூலை இழுத்துக் கண்ணிக்குள் நுழைத்து, மறுபடி இழுக்க வேண்டும். இழுக்கிற வரைக்கும் மனசு வேறெங்கும் போகாது. மார்க்கெட்டில் வெள்ளை உல்லன் உருண்டை வாங்கி, அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்து, வேம்புலி ஷிப்டுக்குப் போன பிறகு எடுப்பேன்.

நாலாவது நாளே மாட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு லோகநாயகி கதவைத் தட்டுகிற பழக்கம் இல்லாதவள். மோர் கேட்டுக் கொல்லைப்பக்கமாக வந்தவள், என் மடியில் கிடந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்துவிட்டு என்ன பின்னுகிறாய் என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. எப்படி வந்ததோ தெரியாது, டிவி கவர் என்றேன்.

அவள் என் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒரு பீரோ, ஒரு ரேடியோ, சுவரில் ஒரு காலண்டர். டிவி எங்கே என்று கேட்டாள். வரும் என்றேன். அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருக்கலாம். ஐப்பசியில் வரும் என்று மாதத்தையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தேன்.

எங்கள் வரிசையில் எட்டு வீடு, ஒரு வீட்டில்கூட டிவி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்கு நாலு வரிசை தள்ளி இருக்கிற போர்மேன் வீட்டு ஜன்னலில் தொங்க வேண்டும். ஆகவே சேதி சாயங்காலத்துக்குள் எட்டு வீட்டையும் சுற்றிவிட்டது. மறுநாள் தாயம்மாள் அக்கா வந்தாள். அவள் வீட்டுக்காரர் ஜபல்பூர் பேக்டரியிலிருந்து மாற்றலாகி வந்தவர். அங்கே போட்ட ஸ்வெட்டர்கள் ஒரு டிரங்க் பெட்டி நிறைய இங்கே கிடந்து மக்கிக்கொண்டிருந்தன. வெறும் வெள்ளையாகப் பின்னினால் அழுக்காகுமே, இதைப் பிரித்து நடுநடுவே கோடு போட்டுக்கொள் என்று ஒரு பச்சை ஸ்வெட்டரை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

டிவி கவருக்கு நூல் கொடுத்தவர்களுக்குப் படம் பார்க்க முன்வரிசையில் இடம் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, நான் இல்லை. ஒரு வாரத்தில் லோகநாயகியே மெரூன் நிறத்தில் ஒன்று கொண்டு வந்தாள். ஞானம்மாள் டீச்சர் மஞ்சள் கொடுத்தார். கடைசி வீட்டு ராஜம்மா ஒரு நீலக் குல்லாவைக் கொடுத்துவிட்டு, தன் வீட்டில் ஐந்து பேர், பாய் அவர்களே கொண்டுவந்துவிடுவார்கள் என்று வேறு சொன்னாள். நான் தலையைத் தலையை ஆட்டினேன்.

பிரித்த பழைய நூல் இடியாப்பம் மாதிரி சுருண்டு சுருண்டு வரும். ஈரம் பண்ணி, நாற்காலி முதுகில் இறுக்கிச் சுற்றி, இரண்டு நாள் காயவிட்டால்தான் நீளும். எங்கள் வீட்டில் இருந்ததே இரண்டு நாற்காலி. ஒன்றில் பச்சை, ஒன்றில் மெரூன். ஷிப்டு முடிந்து வந்த வேம்புலி நின்றுகொண்டே காபி குடித்தார். அவரிடமும் டிவி கவர் என்றுதான் சொன்னேன்.

வெள்ளை, பச்சை, வெள்ளை, மெரூன் என்று கோடுகள் ஏறின. நாலு விரல் பச்சை முடிந்தால் நாலு விரல் வெள்ளை. ஒவ்வொரு வரிசை முடிவிலும் திரும்பும்போது ஒரு கண்ணி கூடுதலாகப் போட வேண்டும். யார் வருகிறார்கள் என்று கொல்லைப்பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டே பின்னியதில் அதைப் பல இடத்தில் விட்டுவிட்டேன். போர்வை மேலே போகப் போக ஒடுங்கியது. பிரித்துப் போட எனக்குப் பொறுமை கிடையாது.

அந்த ஒடுக்கம்தான் என்னை மேலும் சிக்க வைத்தது. லோகநாயகியின் வீட்டுக்காரர் ரகுநாதன் பேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். வெளியிலிருந்து வரும் எந்தச் சாமானையும் அளந்து பார்க்காமல் உள்ளே விடாத பிரிவு அது. மனிதர் வீட்டிலும் அப்படித்தான். கொத்தவரங்காய் வாங்கினால்கூட நீளம் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வந்து, கவரை விரிக்கச் சொல்லி, குனிந்து நிமிர்ந்து அளந்தார். கீழ் அகலம் முப்பத்திரண்டு அங்குலம், மேல் அகலம் முப்பது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டிவி பெட்டி பின்பக்கம் ஒடுங்கிக்கொண்டுதான் போகும், அந்த இரண்டு அங்குலம் மிகச் சரி என்றார். நேரில் பார்க்காத யாரும் இவ்வளவு கணக்காகப் பின்ன முடியாது என்றும், இந்த அளவில் நம் நாட்டில் டிவி கிடையாது, சிங்கப்பூரிலிருந்துதான் வர வேண்டும் என்றும் முடிவு சொல்லிவிட்டார்.

மறுநாள் பேக்டரி கேன்டீனில் வேம்புலியைப் பிடித்துக்கொண்டு, சிங்கப்பூரில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த மனிதர் நேராக மொட்டை மாடிக்கு ஏறினார். எங்கிருந்தோ பிடித்து வந்த மூங்கிலை நட்டு, அதன் தலையில் ஓர் ஆன்டெனாவைக் கட்டினார். எதற்கு என்று கேட்டேன். பொண்டாட்டி ஆசைப்பட்டு வாய் விட்டுக் கேட்க மாட்டாமல் கவர் பின்னிக்கொண்டிருக்கிறாள், முதலில் இதையாவது வைப்போம் என்றாராம் மனசுக்குள். அதைச் சொல்லும்போது தலையைச் சொறிந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் போர்வையும் வேண்டாம் என்பார். அந்த நாலு சட்டையைத் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் விட்டவர் அவர்தான்.

புரட்டாசியில் எட்டாம் மாதம் பிறந்தது. அந்த மாதத்தைக் காலண்டரில் பார்க்கவே நான் பயந்தேன். அந்தச் சமயம் பார்த்து, பிரசவம் வரை கூட இருக்கிறேன் என்று நூம்பலிலிருந்து கெங்கம்மாள் மூட்டையோடு வந்து இறங்கினார். அரை ஆயுள் அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட மனுஷி. கழனியெல்லாம் வீட்டு மனையான பிறகும் அந்த அதட்டல் குரல் மட்டும் போகவில்லை. வாசலிலேயே ரகுநாதன் எதிர்ப்பட்டு, உங்கள் மகன் வீட்டுக்கு சிங்கப்பூர் டிவி வருகிறது என்று கை குலுக்காத குறையாகச் சொல்லியிருக்கிறார்.

உள்ளே வந்தவர் மூட்டையை இறக்கினார், ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார், பாயில் கால் நீட்டி உட்கார்ந்தார்.

“இன்னாவோ டிவி கவரு பின்றியாமே. எட்த்தா, பாப்போம்.”

அரிசி டின்னுக்குள் கையை விட்டேன். இன்றைக்கு மாட்டினோம், நாளைக்கு ஏதாவது ஆனால் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பழியை என் தலையில்தான் போடும், முதல் பிடி மண் மாமியார் கையிலிருந்துதான் விழும் என்று நினைத்தேன். போர்வையை அவர் முன்னால் விரித்தேன். ஒட்டியிருந்த இரண்டு அரிசியை அவர் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பின்னலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அத்தே, இது டிவிக்கு இல்ல” என்றேன்.

“எனுக்கும் கண்ணு கீது” என்றார்.

பிறகு பச்சைக் கோட்டின் மேல் விரலை வைத்து, இது யார் கொடுத்தது என்று கேட்டார். தாயம்மாள் அக்கா, அவள் பெரிய பையன் கைப்பிள்ளையாக இருந்தபோது ஜபல்பூரில் போட்டது என்றேன். அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டார். பத்தாவது படிக்கிறான், வாசல் நிலையில் தலை இடிக்கும் என்றேன். விரல் மெரூனுக்குப் போனது. லோகநாயகியின் மகள், ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. மஞ்சள், ஞானம்மாள் டீச்சரின் மகன், இங்கிருந்து திருநின்றவூர் ஏரி வரை சைக்கிளில் போய் நீச்சலடித்துவிட்டு வருவான். நீலம், ராஜம்மாவின் மூன்றாவது, இரண்டு பேர் சோற்றை ஒருத்தியாகச் சாப்பிடுவாள். ஒவ்வொன்றுக்கும் கெங்கம்மாள் தலையை ஆட்டினார்.

“ஏம்மே கஸ்தூரி, பொட்டிக்குப் போட்டு மூட எவளாச்சும் பெத்த புள்ள சொக்காவப் பிரிச்சிக் குட்ப்பாளா? அத்தினி பேருக்கும் தெரிஞ்சி கீது. நீதான் ஒளிச்சிகினு கீற.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தி கூடப் பெரியவர்கள் போட்டதைக் கொண்டு வரவில்லையே. ஜபல்பூர் டிரங்க் பெட்டியில் பெரிய ஸ்வெட்டர் எத்தனை இருந்திருக்கும். லோகநாயகி மோர் வாங்கிக்கொண்டு போகும்போது என் வயிற்றை ஒரு தடவை பார்த்தது இப்போதுதான் எனக்கு உறைத்தது. டிவியை நம்பியது அளக்கத் தெரிந்த ரகுநாதனும் ஆன்டெனா நட்ட என் வீட்டுக்காரரும் மட்டும்தான். தாராளமாகப் பொய் சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு, அத்தனை பேரும் சேர்ந்து என் பொய்யைக் காப்பாற்றினார்கள் என்றதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கெங்கம்மாள் அதற்கெல்லாம் நிற்கவில்லை. விரல் வெள்ளைக் கோட்டில் இருந்தது.

“இது?”

“நான் வாங்கினது, அத்தே. புதுசு.”

முகம் சுருங்கியது. ஒன்று விட்டு ஒன்று வெள்ளைதான். அவர் கணக்குப்படி பாதிப் போர்வை பழசு, பாதி புதுசு. பிரிக்கச் சொல்லப் போகிறார் என்று நான் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் போர்வையை உதறினார், தோளைச் சுற்றிப் போர்த்துக்கொண்டார், முனையை இடுப்பில் செருகப் பார்த்தார். நீளம் போதவில்லை. மார்மேல் பிடித்துக்கொண்டார்.

“இன்னா பண்றீங்க?”

“புச்சப் பயசாக்கறேன்.”

புரட்டாசி வெயிலைப் பற்றி ஆவடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் கோடு போட்ட உல்லன் போர்வையைப் போர்த்துக்கொண்டு என் மாமியார் ரேஷன் கடைக்குப் போனார், குழாயடியில் நின்றார், பெருமாள் கோயில் சனிக்கிழமைப் பிரசாதத்துக்கு வரிசையில் உட்கார்ந்தார். என்ன என்று கேட்டவர்களிடம் குளிர் காய்ச்சல் என்றார். கேட்ட பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போனார்கள். ரகுநாதன் மட்டும் அதை நம்பி, பேக்டரி டிஸ்பென்சரியிலிருந்து மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். டிவி கவரை ஏன் அம்மா போர்த்திக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் கேட்டதற்கு, டிவி வருகிற வரைக்கும் சும்மாதானே கிடக்கிறது என்று லோகநாயகி பதில் சொல்லி அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

வேம்புலியிடம் அம்மாவே விஷயத்தைச் சொல்லிவிட்டார். மனிதர் கொஞ்ச நேரம் ஆன்டெனாவையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கொடி கட்டித் துணி காயப்போட ஆவும் என்றார்.

இரண்டாவது வாரம் கெங்கம்மாள் கழுத்து, தோள், முதுகு எல்லாம் வேர்க்குரு பொரிந்துவிட்டது. ஒரு மத்தியானம் நான் பவுடர் போட்டுவிட்டுக்கொண்டே, போதும் கழற்றுங்கள் என்று சத்தம் போட்டேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

“அன்னிக்கி ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு வார்த்த சொல்ட்டேன். தொணி இன்னா பண்ணும், பாவம். யாரு மேலயாச்சும் போடணும்னு இர்ந்துச்சி, உம்மேல போட்டேன். தப்பு என்துதான்.”

இதைக் கேட்டதும் நான் உருகியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இரண்டு வருஷத்துக் கோபம் அப்போதுதான் வெளியே வந்தது. பவுடர் டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு, தொண்டையில் நின்றதையெல்லாம் கொட்டினேன். அந்த வார்த்தைக்குப் பிறகு எத்தனை நாள் நான் என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன். என் பிள்ளையை நானே கொன்றேன் என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்தேன் என்று சொன்னேன். நான் முடித்த பிறகு அவர் மூக்கைச் சிந்தினார். அவருக்கும் அது பேரன்தானே என்பது எனக்கு அப்போதுதான் தோன்றியது.

“தொணி ஒண்ணும் பண்ணாதுன்னு தெரியுதுல்ல. அப்பறம் எதுக்கு இதப் போத்திகினு சாவறீங்க?” என்றேன். என் குரலில் இன்னும் சூடு இருந்தது.

“எனுக்கு மட்டும் சும்மா குந்திகினு இர்க்க முடியுதா?” என்றார்.

நான் டப்பாவை எடுத்து மிச்ச முதுகுக்கும் பவுடர் போட்டேன்.

எட்டாம் மாதம் ஒரு வழியாகப் போய்த் தொலைந்தது. ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தீபாவளி கழிந்த எட்டாம் நாள் காலையில் எனக்கு வலி எடுத்தது. ஆட்டோவில் நான், வேம்புலி, கோடு போட்ட போர்வையோடு கெங்கம்மாள். பின்னால் சைக்கிளில் குடை பிடித்துக்கொண்டு ரகுநாதன், எதற்கென்று அவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. அது என் அதிர்ஷ்டம்.

பத்து மணிக்கு மேல் என் மகள் பிறந்தாள். பிறந்த உடனே அழவில்லை. அந்த நொடிகளைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் தைரியம் கிடையாது. பிறகு அழுதாள். குழாயடியில் என் குரல் கேட்டவர்கள் அது யார் வீட்டுப் பிள்ளை என்று உடனே சொல்லியிருப்பார்கள். நர்ஸம்மா கதவைத் திறந்து, பழந்துணி இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். வெளியே கெங்கம்மாள் போர்வையைக் கழற்றி நீட்டியது எனக்கு இடுக்கு வழியாகத் தெரிந்தது. நர்ஸம்மா வாங்காமல் புருவத்தைத் தூக்கினார். கைப்பின்னல், இவ்வளவு கலராக இருக்கிறது, பார்த்தால் புதுசு மாதிரி அல்லவா இருக்கிறது, பழசுதான் வேண்டும் என்றார்.

“புச்சா? மோந்து பாரும்மா” என்றார் கெங்கம்மாள். “ஒண்ணர மாசமா நான் வேர்த்துக் கொட்னது அத்தினியும் இதுல கீது.”

நர்ஸம்மா மோந்து பார்க்கவில்லை. இரண்டு விரலால் பிடித்து உள்ளே எடுத்து வந்தார். அதில் சுற்றி என் பக்கத்தில் வைத்தபோது நான்தான் குனிந்து மோந்தேன். வெற்றிலை, விறகுப் புகை, பவுடர், வேர்வை. என் மகள் ஒடுங்கின பக்கத்தைக் காலால் உதைத்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டை வாய்க்குள் இழுத்துக்கொண்டிருந்தாள்.